கப்பல்காரர் பதில்கள்: நிக்கல் மலையும் வள்ளிக்கிழங்கும்

சென்ற இதழில், நான் ஏற்றிய சரக்குகளிலேயே மிகவும் பயந்து ஏற்றியது நியூ கலிடோனியாவின் நிக்கல் மண்தான் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. அதனால் இந்த முறை வேறு கேள்வி எதையும் எடுக்கவில்லை. 2007-க்கும் 2015-க்கும் இடையில் ஒன்பது தடவை அங்கே போயிருக்கிறேன். பெரும்பாலும் சீஃப் ஆபீசராக, கடைசி இரண்டு தடவை கேப்டனாக. மனதுக்கு மிகவும் பிடித்துப்போன இடம். கேட்டவர்களுக்கெல்லாம் நன்றி.

நியூ கலிடோனியா தனி நாடா, ஐயா? வகுப்பில் பிள்ளைகள் கேட்டார்கள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. (ஒரு பள்ளி ஆசிரியை)

தனி நாடு இல்லை அம்மா. பிரான்சின் ஆட்சிக்கு உட்பட்ட கடல்கடந்த பகுதி. சொந்தமாக நாடாளுமன்றம் மாதிரி ஒரு சபை, சொந்த அரசாங்கம், மூன்று மாகாணங்கள் உண்டு. ராணுவம், நீதி, நாணயம் எல்லாம் பாரிஸ் கையில். அந்தப் பாரிஸ் ஏறத்தாழ 17,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. வரைபடத்தில் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் விரலை வைத்து, அப்படியே கிழக்கே சுமார் 1,200 கிலோமீட்டர் நகர்த்தச் சொல்லுங்கள். மகரரேகைக்குச் சற்று மேலே, ஒரு நீள மீன் சாய்ந்து படுத்தது போல ஒரு தீவு தெரியும். அதுதான் கிராந்த் தேர், பெருந்தீவு. 400 கிலோமீட்டர் நீளம், சுமார் 50 கிலோமீட்டர் அகலம். நடுவில் முதுகெலும்பாக மலைத்தொடர். மழை கிழக்குப் பக்கம் கொட்டும், அங்கே பச்சை. மேற்குப் பக்கம் காய்ந்த புல்வெளி, வெள்ளைப் பட்டை உரியும் நியாவுலி மரங்கள், மாட்டுப் பண்ணைகள். பெருந்தீவுக்குக் கிழக்கே உவேயா, லிஃபூ, மாரே என்று லாயல்டி தீவுகள். தெற்கே பைன் தீவு.

2019 கணக்கெடுப்பில் மக்கள் 2,71,407 பேர். அதில் மூன்றில் இரண்டு பங்கு தலைநகர் நூமேயாவிலும் அதைச் சுற்றியும் இருக்கிறார்கள். ஊருக்கு வெளியே வண்டியில் போனால் மணிக்கணக்கில் ஆளைப் பார்க்க முடியாது.

பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். கப்பலில் வருகிறவனுக்கு முதலில் தெரிவது தீவு அல்ல, அதைச் சுற்றி வேலி கட்டியிருக்கும் பவளத்திட்டு. சுமார் 1,500 கிலோமீட்டர் நீளம். வேலிக்கு உள்ளே 24,000 சதுர கிலோமீட்டர் அமைதியான கடல். 2008-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நூமேயாவுக்குப் போக வேண்டுமானால் பூலாரி என்ற இடைவெளி வழியாக நுழைய வேண்டும். அங்கே அமேதே என்ற குட்டித் தீவில் வெள்ளைக் கலங்கரை விளக்கம் ஒன்று, 56 மீட்டர் உயரம், முழுக்க இரும்பு. பாரிஸில் செய்து, துண்டு துண்டாகக் கழற்றிக் கப்பலில் கொண்டுவந்து பூட்டி, 1865-இல் ஏற்றினார்கள். முதல் தடவை விடியற்காலையில் அதை நேரே வைத்துக்கொண்டு நுழைந்தபோது, இரண்டு பக்கமும் அலை நுரைத்து உடைந்துகொண்டிருந்தது. நடுவில் எங்கள் கப்பல் போகிற அளவுக்குக் கருநீலமாக ஒரு வழி. கப்பலைச் செலுத்தும் அறையான பிரிட்ஜில் பத்து நிமிடம் யாரும் பேசவில்லை.

மண்ணை ஏற்ற ஏன் பயப்பட வேண்டும்? தீப்பிடிக்கிற சரக்கா? (கடல்சார் படிப்பில் இரண்டாம் ஆண்டு மாணவர்)

தீப்பிடிக்காது தம்பி. தண்ணீராகிவிடும். நீங்கள் இந்தத் தொழிலுக்கு வரப்போகிறவர், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1864-இல் ஜூல் கார்னியே என்ற பிரெஞ்சுப் பொறியாளர் அந்தத் தீவில் பச்சை நிறத் தாதுக்கல் ஒன்றைக் கண்டார். அதில் நிக்கல் இருந்தது. அவர் பெயராலேயே கார்னியரைட் என்கிறார்கள். 1880-இல் அங்கே நிக்கல் நிறுவனம் தொடங்கியது. 1910 முதல் நூமேயா துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே தோனியாம்போ என்ற உலை புகைந்துகொண்டிருக்கிறது. எவர்சில்வர் என்று நாம் சொல்கிற துருப்பிடிக்காத எஃகில் இந்த நிக்கல் இருக்கும். உருக்காத தாதுமண்ணையும் கப்பல் கப்பலாக வெளியே அனுப்புகிறார்கள். நாங்கள் ஏற்றியது அதைத்தான். கிழக்குக் கரையில் கனாலாவுக்குப் பக்கத்தில் நக்கேத்தி விரிகுடா, அங்கிருந்து கொரியாவின் குவாங்யாங் உருக்காலைக்கு.

விரிகுடாவில் நங்கூரம் போட்டுவிடுவோம். மலையிலிருந்து லாரி இறங்கும், மண் பார்ஜ் என்கிற தட்டைப் படகில் விழும், பார்ஜ் எங்களிடம் வரும், எங்கள் கிரேன் இரும்புக் கையால் அள்ளி, ஹோல்ட் என்கிற சரக்கறையில் கொட்டும். பார்க்க ஈரச் செங்கல் மண் மாதிரி கெட்டியாக, குவித்தால் குவிந்து நிற்கும். அதுதான் ஆபத்து. அந்த மண்ணின் இடுக்குகளில் தண்ணீர் ஒளிந்திருக்கிறது. கடலில் நாள்கணக்கில் கப்பல் அதிர்ந்து, உருண்டு, மண் இறுகி இறுகி, இடுக்கில் இருக்கும் தண்ணீருக்குப் போக இடமில்லாமல் அழுத்தம் ஏறும். ஒரு கட்டத்தில் ஹோல்டில் இருப்பது மண் இல்லை, கூழ். கப்பல் ஒரு பக்கம் சாயும்போது கூழும் அந்தப் பக்கம் ஓடும். கப்பல் திரும்பும்போது கூழ் திரும்பாது. நிக்கல் மண் ஏற்றிய கப்பல்கள் இப்படிச் சில நிமிடங்களில் கவிழ்ந்து, ஆட்களோடு போயிருக்கின்றன. 2010 அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் தொடக்கத்துக்குள் மட்டும் மூன்று கப்பல்கள், இந்தோனேசியாவில் ஏற்றியவை. அந்தச் செய்தி வந்தபோது நான் அதே சரக்கோடு கடலில் இருந்தேன்.

ஆய்வகச் சான்றிதழில் ஈரப்பதம் இவ்வளவு, தாங்கக்கூடிய எல்லை இவ்வளவு என்று போட்டிருக்கும். அதைப் படியுங்கள். படித்துவிட்டு டப்பா சோதனையும் செய்யுங்கள். ஒரு சின்னத் தகர டப்பாவில் பாதி வரை மண்ணை நிரப்பி, 20 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கெட்டியான தரையில் 25 முறை, ஒன்றிரண்டு நொடி இடைவெளியில் தட்ட வேண்டும். மேலே நீர் மினுங்கினாலோ மண் குழைந்தாலோ, மறுபடியும் ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்ல வேண்டும். மினுங்காவிட்டால் பத்திரம் என்று அர்த்தம் இல்லை, அதையும் மறக்கக் கூடாது.

ஒரு தடவை மழைக்காலம், பிப்ரவரி. மழை வந்தால் ஹோல்டின் மூடியை மூடு, விட்டால் திற என்று பதினோரு நாள் கிடந்தோம். ஒரு மாலை வந்த பார்ஜில் எனக்குச் சந்தேகம். டப்பாவைத் தட்டினேன், இருபதாவது தட்டில் பளபளவென்று ஆனது. பார்ஜ் மேஸ்திரி அந்தத் தீவின் பூர்வகுடியான கனாக் இனத்தவர், ஐம்பது வயது இருக்கும். அவர் டப்பாவைப் பார்க்கவே இல்லை. பார்ஜில் இறங்கி, முழங்கை வரை கையை விட்டு உள்ளிருந்து ஒரு பிடி எடுத்து, என் முன்னால் பிழிந்து காட்டினார். விரலிடுக்கில் சிவப்பாகத் தண்ணீர் சொட்டியது. தலையை ஆட்டினார், பார்ஜைத் திருப்பச் சொன்னார். அன்றைக்கு அவருக்கும் கூலி நஷ்டம்தான். அப்படித்தான் நாங்கள் நண்பர்களானோம்.

கனாக் மக்கள் யார்? வெளியாட்களை ஏற்றுக்கொள்கிறவர்களா? (இல்லத்தரசி)

அந்தத் தீவுகளின் பூர்வகுடிகள். சுமார் 3,000 ஆண்டுகளாக அங்கே மனிதர்கள் வாழ்ந்திருக்கிறார்கள். 2019 கணக்கில் மக்கள்தொகையில் நூற்றுக்கு 41 பேர் தங்களைக் கனாக் என்று சொன்னார்கள். ஐரோப்பியர் 24. மிச்சத்தில் வாலிஸ், ஃபுத்துனா தீவுக்காரர்கள், தாஹித்தியர், சுரங்கக் கூலிகளாக வந்த ஜாவா, வியட்நாம் மக்களின் வாரிசுகள், கலந்து பிறந்தவர்கள். கனாக் மொழிகள் மட்டும் 28. என் மேஸ்திரி நண்பர் பேசியது கனாலாப் பக்கத்து ஷராஷூ. அவர் மனைவி லிஃபூ தீவு, அவர் பேசுவது த்ரெஹு. வீட்டுக்குள் இரண்டும் ஓடும், பிள்ளைகளிடம் பிரெஞ்சு.

ஏற்றுக்கொள்வார்களா என்றால், நுழைகிற முறையில் நுழைந்தால் ஏற்றுக்கொள்வார்கள். அந்த மழை நாட்களில் ஒருநாள் அவர் என்னைத் தன் ஊருக்குக் கூட்டிப்போனார். போகும் வழியில் ஒரு கடையில் வண்டியை நிறுத்தி, மனூ என்கிற பூப்போட்ட துணி இரண்டு மீட்டர், ஒரு பொட்டலம் புகையிலை வாங்கச் சொன்னார். ஆயிரம் ஃபிராங்க் நோட்டு ஒன்றை அதன் மேல் வைத்துக்கொள்ளச் சொன்னார். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு ஐம்பது சொல், அவருடைய இங்கிலீஷ் அதில் பாதி. எதற்கு என்று கேட்டதற்கு 'லா கூத்யூம்' என்று மட்டும் சொன்னார். வழக்கம் என்று அர்த்தம்.

ஊர்ப் பெரியவர் வாசலில் நின்றார். நாங்கள் நுழையவில்லை, எதிரே நின்றோம். துணியைப் பாயில் வைத்துவிட்டு, நான் யார், எந்தக் கடல் வழியாக வந்தேன், எதற்கு வந்தேன் என்று என் வாயால் சொல்ல வேண்டும். எந்த மொழியில் என்று கேட்டேன். உன் மொழியில் சொல் என்றார் மேஸ்திரி. தமிழிலேயே சொன்னேன். 'இந்த மண்ணை எடுத்துக்கொண்டு போகிற கப்பலில் வேலை செய்கிறேன், உங்கள் வாசலில் நிற்க அனுமதி வேண்டும்' என்று சொல்லும்போது தொண்டை அடைத்தது. பெரியவர் தலை குனிந்து முழுதும் கேட்டார். அப்புறம் குனிந்து துணியைத் தொட்டு, தன் மொழியில் அதே அளவு நேரம் பேசினார். எனக்கு ஒரு சொல் புரியவில்லை. ஆனால் ஏற்றுக்கொண்டார் என்பது புரிந்தது. அதற்குப் பிறகு அந்த ஊரில் எந்த வீட்டுக்குள்ளும் நான் போகலாம்.

அன்று புன்யா சாப்பிட்டோம். வள்ளிக்கிழங்கு, சேப்பங்கிழங்கு, கோழி எல்லாவற்றையும் தேங்காய்ப்பாலில் நனைத்து, வாழை இலையில் மூட்டையாகக் கட்டி, நெருப்பில் பழுத்த கற்களின் நடுவே வைத்து மூடி விடுகிறார்கள். இலையை அவிழ்க்கும்போது வருகிற அந்த வாசனையை எழுதிக் காட்ட எனக்குத் தெரியாது.

வள்ளிக்கிழங்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும் அம்மா. சர்க்கரைவள்ளி இல்லை, இங்கிலீஷில் யாம் என்பது. அது அங்கே வெறும் உணவு இல்லை. அவர்களுடைய ஆண்டுக் கணக்கே அந்தக் கிழங்கை வைத்துத்தான்: நிலம் திருத்துவது, நடுவது, கொடிக்குக் கொம்பு ஊன்றுவது, மார்ச் வாக்கில் புதுக்கிழங்கு எடுப்பது. கல்யாணம், சாவு எதுவானாலும் கிழங்கு கை மாறும். என் நண்பர் ஒரு கை நீளக் கிழங்கைத் தூக்கி வந்தபோது, கைக்குழந்தையைத் தூக்குவது போலத் தலைக்கடியில் கை கொடுத்துத் தூக்கினார்.

தமிழர்கள் அங்கே உண்டா? (ஓய்வுபெற்ற தபால்காரர்)

வந்திருக்கிறார்கள் ஐயா. 1860, 1870-களில், இந்தியப் பெருங்கடலில் பிரெஞ்சு ஆட்சியில் இருக்கும் ரீயூனியன் தீவின் கரும்புத் தோட்டக்காரர்கள் சிலர் நியூ கலிடோனியாவில் சர்க்கரை எடுக்கலாம் என்று குடிபெயர்ந்தார்கள். வரும்போது தங்கள் ஒப்பந்தக் கூலிகளையும் கூட்டி வந்தார்கள். அவர்களுக்கு அங்கே 'மலபார்' என்று பெயர். பெயரைப் பார்த்துக் கேரளம் என்று நினைக்க வேண்டாம். ரீயூனியனில் மலபார் என்றால் பெரும்பாலும் புதுச்சேரி, காரைக்கால், சென்னைத் துறைமுகங்களிலிருந்து கப்பலேறிய தமிழர்கள். வெட்டுக்கிளியும் வறட்சியும் கரும்பைத் தின்றன, சர்க்கரைத் தொழில் நிலைக்கவில்லை. கூலிகளின் பிள்ளைகள் மற்றவர்களோடு கலந்து கரைந்துவிட்டார்கள். நூமேயாவில் ஒரு பழைய பொருள் கடைக்காரர், தன் பாட்டியின் பாட்டி மலபார் என்று என்னிடம் சொன்னார். என் முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மொழி, சாமி, சாப்பாடு எதுவும் அவரிடம் மிஞ்சவில்லை. அந்த ஒரு சொல் மட்டும் இருந்தது.

அங்கே பார்த்த விலங்குகளில் எது உங்களைக் கவர்ந்தது? (ஏழாம் வகுப்பு மாணவி)

விலங்கு இல்லை கண்ணு, ஒரு பறவை, ஒரு மரம். பறவையின் பெயர் காகூ. சாம்பல் நிறம், சிவந்த கால், தலையில் கொண்டை. சிறகு இருக்கிறது, பறக்காது. விடிகாலையில் நாய்க்குட்டி மாதிரி குரைக்கும். உலகத்தில் வேறெங்கும் கிடையாது. ரிவியேர் ப்ளூ காட்டுப் பூங்காவில் என் காலடியிலிருந்து நாலடி தூரத்தில் நின்று என்னைப் பார்த்தது. மனிதனைப் பார்த்து ஓடத் தெரியாததால்தான் நாய்களிடம் மாட்டிச் சாகிறது.

மரத்தை ஒரு காட்டுக் காவலர் காட்டினார். பட்டையில் நகத்தால் கீறினார். வெள்ளைப் பால் வரவில்லை, மயில்நீல நிறத்தில் பால் வந்தது. அந்தப் பாலைக் காய வைத்தால் எடையில் கால் பங்கு நிக்கல்! மற்ற செடிகளைக் கொல்லுகிற உலோக மண்ணில் வாழக் கற்றுக்கொண்ட மரம். அந்தத் தீவின் சொந்தத் தாவரங்களில் நான்கில் மூன்று பங்கு வேறெந்த நாட்டிலும் இல்லாதவை. குச்சியைக் கொக்கியாக வளைத்துப் புழுவை இழுக்கிற காக்காயும் அங்கே உண்டு, அது அடுத்த கடிதத்துக்கு.

2024-இல் அங்கே கலவரம் என்று படித்தேன். இவ்வளவு அழகான இடத்தில் என்ன பிரச்சினை? (வங்கி ஊழியர்)

யார் வாசலில் நிற்பது, யாரைக் கேட்டு உள்ளே வருவது என்பதுதான் பிரச்சினை.

1853-இல் பிரான்ஸ் கொடி நட்டது. 1864 முதல் 1897 வரை குற்றவாளிகளைக் கொண்டுவந்து இறக்கியது, இருபதாயிரத்துக்கும் மேல். பாரிஸ் கம்யூன் புரட்சியாளர்களையும், அல்ஜீரியாவில் எதிர்த்து நின்ற கபீலியர்களையும் அங்கேதான் நாடு கடத்தினார்கள். குடியேறிகளின் மாடுகள் கனாக் மக்களின் கிழங்குத் தோட்டங்களை மிதித்து அழித்தன. வேலி போட்டுக்கொள் என்று சொன்னதற்கு, 'என் கிழங்கு போய் உன் மாட்டைத் தின்னும் நாளில் வேலி போடுகிறேன்' என்று அத்தாய் என்ற தலைவர் பதில் சொன்னதாகச் சொல்வார்கள். 1878-இல் அவர் தலைமையில் கிளர்ச்சி. அவரைக் கொன்று தலையை வெட்டிப் பாரிஸுக்கு அனுப்பினார்கள். அந்த மண்டை ஓடு திரும்பி வந்தது 2014-இல். அந்த ஆண்டு நான் அங்கே இருந்தேன். அதைப் பற்றி மேஸ்திரி சொல்லும்போது எழுந்து நின்று சொன்னார்.

1946 வரை கனாக் மக்களுக்குக் குடியுரிமை இல்லை. பூர்வகுடிச் சட்டம் என்று ஒன்றை வைத்து ஒதுக்கிய நிலங்களில் அடைத்திருந்தார்கள். 1970 வாக்கில் நிக்கல் விலை ஏறியபோது வெளியிலிருந்து ஆட்கள் குவிந்தார்கள். 1972-இல் பிரெஞ்சுப் பிரதமர் பியேர் மெஸ்மேர், குடியேற்றத்தைப் பெருக்கினால் பூர்வகுடிகளின் தேசியக் கோரிக்கை அடங்கும் என்ற பொருளில் கடிதமே எழுதினார். அடங்கவில்லை. 1984 முதல் ரத்தம். 1988-இல் உவேயா தீவில் பிரெஞ்சுக் காவல் படையான ஜெந்தார்ம்களில் நான்கு பேர் கொல்லப்பட்டு, மற்றவர்கள் குகையில் பிணைக்கைதிகளானார்கள். ராணுவம் நுழைந்தபோது 19 கனாக் ஆட்களும் 2 வீரர்களும் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான், சுதந்திரம் கேட்ட கனாக் தரப்பின் தலைவர் ழான் மரி ஜிபாவுவும், பிரான்சோடு இருக்க வேண்டும் என்ற தரப்பின் ழாக் லாஃப்லேரும் பாரிஸில் கை குலுக்கினார்கள். மறு ஆண்டு மே 4 அன்று அதே உவேயாவில், அந்தச் சமாதானத்தை ஏற்காத ஒரு கனாக், ஜிபாவுவைச் சுட்டார். 2004-இல் இரண்டு குடும்பங்களும் வழக்கப்படி எதிரெதிரே நின்று சமாதானம் செய்துகொண்டன. அரசாங்கத்தால் முடியாததை அந்த வழக்கம் செய்தது என்று நான் நம்புகிறேன்.

1998 நூமேயா ஒப்பந்தத்தின்படி மூன்று வாக்கெடுப்புகள். சுதந்திரம் வேண்டாம் என்றவர்கள் 2018-இல் நூற்றுக்கு 56.7, 2020-இல் 53.3. மூன்றாவதைக் கொரோனாத் துக்கம் முடியும்வரை தள்ளிவையுங்கள் என்று கனாக் தலைவர்கள் கேட்டார்கள், தள்ளவில்லை. 2021 டிசம்பரில் அவர்கள் ஓட்டுப் போடவே போகவில்லை. பாதிப் பேருக்கும் குறைவாக வந்து போட்ட அந்த ஓட்டில் 96.5 சதவீதம் வேண்டாம் என்றது. மாகாணத் தேர்தலில் ஓட்டுரிமை, 1998-க்கு முன்பே வந்தவர்களுக்கும் அவர்கள் வாரிசுகளுக்கும் மட்டும் என்று இருந்தது. பத்து ஆண்டு வசித்தவர்களுக்கும் கொடுக்கலாம் என்று பாரிஸ் சட்டம் கொண்டுவந்தபோது, 2024 மே 13 அன்று நூமேயா எரிந்தது. 14 பேர் இறந்தார்கள்.

அங்கேயே பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரர்களையும் எனக்குத் தெரியும். நூறு ஆண்டுக்கும் முன்பே கைதியாக வந்தவரின் பேரன், மாடு மேய்க்கிறவர். அவருக்கும் போக வேறு ஊர் கிடையாது. இருபது ஆண்டு வரி கட்டியும் ஓட்டு இல்லை என்பவரின் வருத்தமும் பொய் இல்லை. ஆனால் எண்ணிக்கையைக் கூட்டியே ஒரு மக்களைச் சொந்த மண்ணில் சிறுபான்மையாக்கிய பிறகு, எண்ணிக்கைப்படி முடிவு செய்வோம் என்று சொல்வதை என்னால் நியாயம் என்று சொல்ல முடியவில்லை.

நான் வெல்டர், பன்னிரண்டு ஆண்டு அனுபவம். நிக்கல் ஆலைகளில் வேலை கிடைக்குமா? ஏஜென்ட் ஒருவர் பணம் கேட்கிறார். (வாசகர்)

தம்பி, பணம் கொடுக்காதீர்கள். முதலில் இதை எழுதிவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

அங்கே உள்ளூர்வாசிகளுக்கு வேலையில் முன்னுரிமை தரும் சட்டம் 2010 முதல் இருக்கிறது. பிரெஞ்சு இல்லாமல் ஒன்றும் நடக்காது. ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசா அங்கே செல்லாது, நியூ கலிடோனியாவுக்கென்று தனியாக வாங்க வேண்டும். அதைவிடப் பெரிய விஷயம், வேலையே இல்லை. இந்தோனேசியா மலிவாக நிக்கலை உருக்கிக் குவித்ததில் விலை சரிந்தது. வடக்கில் கோனியாம்போ ஆலை, கனாக் மக்கள் பெரும்பான்மையான மாகாணத்துக்குப் பிழைப்பு வேண்டும் என்று போராடிப் பெற்றது. ஆலையில் 51 சதவீதம் வடக்கு மாகாணத்தின் நிறுவனத்துக்குச் சொந்தம். அந்த நிறுவனத்தைப் பல ஆண்டு நடத்திய ஆந்த்ரே தாங், வியட்நாம் கூலிகளின் வாரிசு. 49 சதவீதம் வைத்திருந்த கிளென்கோர் என்ற பன்னாட்டுச் சுரங்க நிறுவனம் இனிப் பணம் போட மாட்டோம் என்றது. 2024 பிப்ரவரியில் உற்பத்தியை நிறுத்தும் அறிவிப்பு வந்தது, ஆகஸ்ட்டில் சுமார் 1,200 பேருக்கு வேலை போனது. கலவரத்தில் கடைகளும் பட்டறைகளும் எரிந்து இன்னும் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள்.

விலைவாசியும் தாங்காது. ஒரு யூரோவுக்கு 119.33 பசிபிக் ஃபிராங்க் என்று நிலையான கணக்கு. பெரும்பாலும் எல்லாம் கப்பலில் வருவதால் பிரான்சைவிடவே மூன்றில் ஒரு பங்கு விலை அதிகம். சுற்றுலா இருக்கிறது, சின்னது. நீல இறால் வளர்த்து ஜப்பானுக்கு அனுப்புகிறார்கள். மற்றபடி நிக்கலும் பாரிஸிலிருந்து வரும் பணமும்தான் அந்த ஊரைத் தாங்குகின்றன.

பிரெஞ்சுக்காரர்கள் ஊரில் கிரிக்கெட் தெரியுமா? (கல்லூரி மாணவர்)

தெரியுமாவா! லாயல்டி தீவுகளுக்குப் பிரெஞ்சுக்காரர்களுக்கு முன்பே லண்டன் மிஷனரிகள் வந்துவிட்டார்கள். பைபிளோடு கிரிக்கெட்டையும் கொடுத்தார்கள். இன்றைக்கு அதை ஆடுகிறவர்கள் பெண்கள். மிஷனரிகள் போட வைத்த அந்தத் தொளதொள கவுனையே அணிக்கு ஒரு நிறமாகத் தைத்துப் போட்டுக்கொண்டு, காலில் செருப்பும் இல்லாமல் ஆடுவார்கள். பந்து ஆலமரப் பாலைத் திரட்டிச் செய்தது, கல் மாதிரி இருக்கும். நூமேயாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். அறுபது வயது அம்மா ஒருவர், தடியான மட்டையைத் தூக்கி ஒரே அடி, பந்து சாலைக்குப் போனது. எல்லையில் இருந்த பெண்கள் விசில் ஊதி, மாவு தூவி ஆடினார்கள். எங்கள் கப்பல் பையன்கள் நால்வர் நாங்களும் ஆடலாமா என்று கேட்டார்கள். சேர்த்துக்கொண்டார்கள். அடித்து நொறுக்கிவிட்டார்கள்.

அந்த மேஸ்திரி இப்போது எப்படி இருக்கிறார்? (ஏற்கனவே இவரைப் பற்றி என்னிடம் கேட்டிருக்கும் பழைய வாசகி)

பார்ஜ் வேலையை விட்டு, ஓர் ஒப்பந்தக்காரரிடம் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். 2024-இல் அதுவும் நின்றது. கலவரம் நடந்த வாரங்களில் பேச முடியவில்லை. பிறகு அவர் மகள் செய்தி அனுப்பினார், அப்பா நன்றாக இருக்கிறார், ஊரில்தான் இருக்கிறார் என்று. அந்த ஊர் நிலத்தை யாரும் விற்க முடியாது, மாற்ற முடியாது, கடனுக்கு ஜப்தி செய்யவும் முடியாது. வழக்கப்படியான கனாக் நிலத்துக்கு அதுதான் சட்டம். வேலை போனாலும் மண் இருந்தது.

செப்டம்பரில் ஒரு படம் வந்தது. சிவப்பு மண்ணில் நீளமாக மேடு கட்டி, ஓர் ஆள் உயரக் கொம்புகளை வரிசையாக ஊன்றியிருந்தார். எத்தனை என்று எண்ணினேன், முப்பத்திரண்டு. கடைசிக் கொம்பின் அருகில் அவர் மண்டியிட்டு, இரண்டு கையாலும் மண்ணை அள்ளிக் கிழங்கை மூடிக்கொண்டிருந்தார். கப்பலில் என் முன்னால் பிழிந்து காட்டிய அதே கை. மகள் கீழே எழுதியிருந்தார்: 'மார்ச்சில் வரச் சொல்கிறார். துணி கொண்டுவர வேண்டாமாம், தமிழில் பேசினால் போதுமாம்.'